ஒருபக்கப் பரப்பு வெறும் வேடிக்கையா?

நீண்ட காகிதத் துண்டு ஒன்றின் ஒரு முனையை அரைச்சுற்றுத் திருகி மறுமுனையோடு ஒட்டினால் கிடைக்கும் மோபியஸ் வளையம், மாணாக்கரை மகிழ்விக்கும் கைவேடிக்கையே அன்றிச் சாஸ்திர கௌரவம் உடையதன்று என்றும், எந்த நாடாவையும் திருகி ஒட்டிவிட்டால் அது ஒரே பக்கம் உடையதாகிவிடும் என்றும் படித்தவர்களிடையே கூட ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. இவ்விரண்டையும் நான் ஏற்பதற்கில்லை.

முதலில் திருகைப் பார்ப்போம். அரைத்திருகுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் வளையம் ஒருபக்கமாகும். இரண்டு அரைத்திருகு கொடுத்து ஒட்டிய நாடாவின் நடுவே பென்சிலை ஓட்டிச் சென்றால், கோடு புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர்ந்த பிறகும் மறுபக்கம் கோடு படாமல் கிடப்பதை எவரும் பிரத்தியட்சமாகக் காணலாம். மோபியஸ் வளையத்தை நடுக்கோட்டின் வழியே கத்தரித்தால், அது இரண்டாகப் பிரியாமல் இருமடங்கு நீளமுள்ள ஒரே வளையமாக விரிவதைக் கண்டு வியப்பவர்கள், அந்தப் புதிய வளையத்தில் நான்கு அரைத்திருகுகள் இருப்பதையும், அதனால் அது இருபக்கம் உடையதாக மாறிவிட்டதையும் பெரும்பாலும் கவனிப்பதில்லை. திருகு பெருகிற்று, ஒருபக்கத் தன்மையோ மறைந்தது!

இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. மை இருபுறமும் ஊறிப் பரவும் மெல்லிய தாளால் வளையத்தைச் செய்து, அதில் வரைந்த இடக்கையின் உருவத்தை ஒருமுறை சுற்றிவரச் செய்வதாகப் பாவித்தால், திரும்பி வரும்போது அது வலக்கையின் உருவமாக இருக்கும். இடவல பேதமே நிலைக்காத இத்தகைய பரப்பை வேடிக்கை என்று தள்ளிவிட மனம் எப்படித் துணியும்?

அதன் பிறப்பும் விளையாட்டில் நேர்ந்ததன்று. 1858-ஆம் ஆண்டில் லைப்ஸிக் நகரத்துக் கணித அறிஞர் மோபியஸும் கோட்டிங்கன் நகரத்து லிஸ்டிங்கும் ஒருவர் ஆராய்ச்சியை மற்றவர் அறியாமலே இதைக் கண்டனர். மோபியஸுக்கு இது பலமுகத் திண்மங்களைப் பற்றிய சிந்தனையின் ஊடே தென்பட்டது. 1861-இல் முதலில் அச்சேற்றியவர் லிஸ்டிங்கே. இத்தகைய பரப்புகளின் இயல்பை ஆராயும் கணிதத் துறைக்கு 1847-இலேயே டோப்பாலஜி என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே. ஆயினும் வளையத்தோடு நிலைத்தது மற்றவர் பெயர். இது எனக்கு ஒரு மனக்குறைதான்.

பிற்காலத்திலும் இவ்வளையம் ஆராய்ச்சிக்கு உரியதாகவே இருந்தது. அண்டை நாடுகள் ஒரே நிறம் பெறாதிருக்க, சமதளத்தில் வரையும் எந்தத் தேசப்படத்துக்கும் நான்கு நிறங்கள் போதும் என்றால், இவ்வளையத்தின் மீது ஆறு நிறங்கள் வரை வேண்டியிருக்கும் என்பதை 1910-இல் டீட்ஸே என்னும் கணித அறிஞர் காட்டினார். தாளைக் கசக்காமல் இவ்வளையம் செய்ய, நீளம் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்ற கேள்வியோ 1977 முதல் அறிஞர்களை ஆட்டிவைத்து, 2023-இல்தான் ரிச்சர்ட் ஸ்வார்ட்ஸ் என்பவரால் தீர்ந்தது: மூன்றின் வர்க்கமூலத்திற்கு, ஏறக்குறைய 1.732-க்கு, மேற்பட்டிருக்க வேண்டும்.