ஆதித்த கரிகாலன் கொலை: பழி யார் மீது?

(இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன் ஒருவனின் கருத்து)

ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? காலையில் நாங்குநேரிக்கு வரும் நகரப் பேருந்தில் எவரேனும் ஒருவர் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் போதும். இறங்கும் வரை வேறு பேச்சு கிடையாது. நந்தினிதான் என்பான் ஒருவன். பழுவேட்டரையர் என்பான் இன்னொருவன். பின் இருக்கையிலிருந்து ஒரு குரல், "குந்தவையைக் கேளுங்கலே!" என்று சிரிக்கும். நடத்துநர் அண்ணாச்சிக்கும் ஒரு கருத்து உண்டு. மணிரத்னத்தின் இரண்டு படங்களும் 2022-லும் 2023-லும் வந்த பிறகு, நாவலைத் தொட்டுப் பார்க்காதவர்களும் துப்பறிவாளர்களாகிவிட்டார்கள்.

கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய "பொன்னியின் செல்வன்" ஐந்து பாகம் உடையது. அவ்வளவு நீண்ட கதையில், கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த அந்தச் சில கணங்களை மட்டும் ஆசிரியர் இருட்டிலேயே விட்டுவிட்டார். வந்தியத்தேவன் மீது சந்தேகம் விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார். மணிமேகலையோ தானே கொன்றதாகச் சொல்கிறாள். கொலை ஒன்று, ஒப்புக்கொள்வோர் பலர்! வாசகர்கள் எழுபது ஆண்டுகளாக வாதாடுவதில் வியப்பில்லை. அது கதை. அதில் யாரையும் குற்றவாளி ஆக்கலாம். நந்தினி வழக்குத் தொடுக்கப் போவதில்லை.

ஆனால் நம் நண்பர்கள் அங்கே நிற்பதில்லை. நாவலிலிருந்து நேரே வரலாற்றுக்குத் தாவி, "உண்மையில் செய்தது உத்தம சோழன்தான்" என்று தீர்ப்பெழுதுகிறார்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். வேடிக்கை என்னவென்றால், கல்கி தம் கதையில் உத்தம சோழனைப் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனாகவே ஆக்கி, பழியின் நிழல்கூடப் படாமல் காப்பாற்றிவிட்டார்.

வரலாற்றில் நமக்குள்ள முதன்மையான சான்று, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. அது இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலை நடந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின் வெட்டப்பட்டது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயர்களை அது சொல்கிறது. கல்கி தம் சதிகாரர்களுக்குப் பெயர் எடுத்தது இங்கிருந்துதான். ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்றும் பட்டங்கள் உண்டு. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். மற்றதோ சோழப் பட்டம். ஆக, இவர்கள் வழிப்பறிக்காரர்கள் அல்லர். அரசில் உயர்ந்த பதவி வகித்தவர்கள்.

இதில் நாம் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் கல்வெட்டு கொலை வழக்கின் தீர்ப்பு அன்று. துரோகிகள், அவர்தம் உறவினர் ஆகியோரின் உடைமை பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் விடுத்த ஆணையையும், அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்கு வைத்ததையும் கூறும் ஆவணம் அது. நம் ஊர்க் கிரயப் பத்திரம் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். யார் கொன்றார் என்கிறது. ஏன் கொன்றார் என்று சொல்லவில்லை.

அந்த "ஏன்" என்ற வெற்றிடத்தில்தான் அவரவர் கருத்து குடியேறுகிறது. உத்தம சோழன் காலத்தில் நடவடிக்கை இல்லாமல், இராசராசன் வந்த பிறகே ஆணை பிறந்தது. ஆகவே உத்தமனுக்கும் கொலையில் தொடர்பு இருக்கலாம் என்று பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். கரிகாலன் இறந்தபின் மக்கள் அருள்மொழியை அரசனாகும்படி வேண்டியதையும், சிறிய தந்தைக்கு அரசாளும் விருப்பம் உள்ளவரை தான் ஏற்பதில்லை என்று அவர் மறுத்ததையும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. சிறிய தந்தைக்கு ஆசை இருந்தது; ஆகவே அவர் கொன்றார்! இது எத்தகைய தருக்கம்?

சதாசிவப் பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. இரண்டாம் ஆண்டில்தான் நடவடிக்கை தொடங்கியது என்று கொள்ள வேண்டியதில்லை. அது முன்பே தொடங்கியதன் எச்சமாகவும் இருக்கலாம். மேலும், இராசராசன் தன் மகனுக்கு இட்ட பெயர் மதுராந்தகன்; அது உத்தம சோழனின் பெயர். உத்தமனின் மகன் கண்டராதித்தன் மதுராந்தகன் இராசராசனின் ஆட்சியில் கோயில் பணிகளை ஆராயும் அதிகாரியாக இருந்திருக்கிறார். அண்ணனைக் கொன்றவனின் பெயரைப் பிள்ளைக்கு வைத்து, அவன் மகனுக்கே பொறுப்பும் கொடுப்பார்களா? எனக்கு இந்த வாதம் எடை மிகுந்ததாகப் படுகிறது.

நாம் பாண்டி நாட்டார் என்பதால், பழிக்குப் பழி என்ற கருத்து நம்மில் பலருக்கு இனிக்கிறது. வீரபாண்டியன் "சோழன் தலைகொண்ட" என்று கல்வெட்டில் போட்டுக்கொண்டான். அவனை வென்ற கரிகாலன் "வீரபாண்டியன் தலைகொண்ட" என்று போட்டுக்கொண்டான். பஞ்சவன் என்ற பட்டமும் அந்தப் பக்கம் கை காட்டுகிறது. மற்றக் கருத்துகளைவிட இது சற்றுப் பொருந்துகிறது என்பேன். நிறுவப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஆய்வுக்கூடத்தில் ஊசலின் ஐந்து அளவீடுகளில் ஒன்று விலகினாலே எங்கள் ஆசிரியர் மறுபடி எடுக்கச் சொல்கிறார். இங்கே அளவீடே ஒன்றுதான்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காரணத்தை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, என் தகப்பனார் காவல் பார்த்த வாழைத்தோட்டத்தில் பம்புசெட்டு மோட்டாரின் செம்புக் கம்பியை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அதே மாதம் அப்பா பழைய மொபெட் ஒன்று வாங்கினார். மகளிர் குழுவில் அம்மா வாங்கிய கடன் அது. ஆனால் டீக்கடையில் கணக்குப் போட்டவர்கள் அம்மாவிடம் வந்து கேட்கவில்லை. "அவனுக்குத் துட்டு ஏது?" என்ற ஒரு கேள்வியே சாட்சியாகவும் தீர்ப்பாகவும் ஆகிவிட்டது. திருடியவன் இன்றுவரை அகப்படவில்லை. அகப்படாததால் பழி இறங்கவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சேர்ந்த அன்றுகூட, "பீசு எங்கிருந்து வந்துச்சு?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். தோட்டக்காரர் மட்டும் ஒரு நாளும் ஐயப்படவில்லை. புது மோட்டார் அறையின் சாவியும் அப்பாவிடம்தான் இருக்கிறது.

ஆகவே, "யாருக்கு லாபமோ அவனே குற்றவாளி" என்று பேருந்தில் எவரேனும் முழங்கும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. லாபம் என்பது விசாரணையைத் தொடங்கும் இடம். பலர் அதையே முடிக்கும் இடமாக்கிவிடுகிறார்கள். நாவலில் எத்தனை ஊகமும் செய்யுங்கள், நானும் கலந்துகொள்கிறேன். (பெரிய பழுவேட்டரையர் வந்தியத்தேவனைக் காப்பாற்றவே பொய் சொன்னார் என்பது என் கட்சி.) ஆனால் உண்மையில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் பெயரைச் சொல்லும்போது கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர்தானே என்கிறீர்களா? டீக்கடையிலும் இதே முறையில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

பொங்கல் விடுமுறையில் உடையார்குடிக்குப் போய் அந்தச் சுவரைப் பார்க்க எண்ணியிருக்கிறேன். தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவர் எழுத்துகளைப் படிக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார். சென்ற வாரம் வீட்டுத் திண்ணையில் அப்பாவிடம் இந்த வழக்கு முழுவதையும் சொன்னேன். நந்தினியையும் பழுவேட்டரையரையும் அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. உத்தம சோழன் கதைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ராசா மவனைப் பொறவு வேலைக்கு வச்சிருந்தாருன்னு சொன்னியல்லா?"

"ஆமாப்பா. கோயில் கணக்கெல்லாம் பாக்கிற வேலை."

"அப்பம் அவரு செய்யலடே," என்றார் அப்பா. மோட்டார் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.