காலையில் மருந்தின் பெயர், மாலையில் கம்பெனியின் பெயர்

நடவு நாளில் பாபநாசம் பக்கத்து விவசாயக் கூலிப் பெண் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நின்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு கடைத்தெரு கிளினிக்குக்குப் போகிறார். டாக்டர் ஃபீஸ், ஓர் ஊசி, கையில் ஒரு சீட்டு, பக்கத்திலேயே மெடிக்கல். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை என்றால் இது மாதாமாதம் வரும் செலவு. குறுவை பொய்த்த வருடத்திலும் அது நிற்காது.

அந்தச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயர்தான் இருக்கும். மெட்ஃபார்மின் என்ற ஒரே சுகர் மருந்தை எத்தனையோ கம்பெனிகள் தனித்தனிப் பெயரில், தனித்தனி விலையில் விற்கின்றன. எதை வாங்குவது என்பதில் காசு கொடுப்பவருக்குப் பேச்சே இல்லை. பல மருந்துகளில், கடைக்காரர் மனமிரங்கினாலும் விலை குறைந்ததை எடுத்துக் கொடுக்க முடியாது. டாக்டர் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைத் தர மருந்துச் சட்ட விதிகள் அவற்றில் இடம் தருவதில்லை.

நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரம் முடிந்ததும் தனியாக வைத்தியம் பார்க்கலாம். காலையில் அரசு ஆஸ்பத்திரியில் அவர்கள் எழுதுவது மருந்தின் பெயரை. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அந்தப் பெயரில்தான் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. ஆய்வகத்தில் சோதித்த பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து அனுப்புகிறது. விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட அந்த அட்டையை நம்பிக் காலையில் எழுதும் கை, மாலையில் அதே நோய்க்குக் கம்பெனிப் பெயரை எழுதலாமா?

தரத்தைப் பற்றி மருத்துவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. எந்தக் கம்பெனி மாத்திரை என்பதைக் கடைக்காரர் முடிவு செய்தால், நோயாளிக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்கிறார்கள். நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மருந்தின் பெயரையே எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னபோது இந்திய மருத்துவச் சங்கம் இதைச் சொல்லித்தான் எதிர்த்தது. அந்த மாதமே விதிமுறைகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஆனால் மருந்தின் பெயரைப் படிக்கும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதச் சொல்லும் திருத்தம் மருத்துவர் நடத்தை விதிகளில் 2016 முதலே இருக்கிறது. அதை யார் கேட்கிறார்கள்?

குறைந்த விலை மருந்து கிடைக்காத காலமும் இல்லை இது. மக்கள் மருந்தகங்கள் ஏற்கெனவே இருக்க, 2025 பிப்ரவரி 24 அன்று 1000 முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன. கம்பெனிப் பெயர்ச் சீட்டோடு அங்கே போகிறவர், "இதுவும் அதுவும் ஒண்ணுதானா?" என்று கேட்டுப் பயந்து திரும்பிவிடுகிறார். படித்தவருக்கே வரும் பயம் அது.

இதற்கு டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தன்னிடம் சம்பளம் வாங்கும் மருத்துவர்களை மாலையில் கிளினிக் நடத்த விடுவது மாநில அரசு. அந்த அனுமதியோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்கட்டும்: சீட்டில் முதலில் மருந்தின் பெயர், கம்பெனிப் பெயர் தேவையென்றால் அதற்குக் கீழே. கழகம் தன் ஆய்வக முடிவுகளைத் தொகுதி எண்ணோடு எல்லா மருத்துவர்களுக்கும் அனுப்பட்டும்.