வாங்கலாம், விற்கக் கூடாது

இந்திய அரசமைப்பின் 15(2)ஆம் கூறு கடைக்காரரிடம் நேராகவே பேசுகிறது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக்கி எந்தக் குடிமகனையும் கடைக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பரில் இது அரசமைப்பு அவையில் விவாதிக்கப்பட்டபோது, ‘கடை’ என்ற சொல் பொருள் விற்கும் இடத்தோடு நின்றுவிடாது, பணம் பெற்றுச் சேவை அளிக்கும் எவரையும் தழுவும் என்று அம்பேத்கர் விளக்கினார். 2011இல் உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தைப் பற்றிக்கொண்டு தனியார் கல்வி நிறுவனங்களையும் அச்சொல்லுக்குள் கொண்டுவந்தது. ஆக, ஒரு தலித் இளைஞர் அந்தக் கடையில் சட்டை வாங்க வந்தால் அரசமைப்பு அவருடன் உள்ளே வருகிறது. அதே கடையில் சட்டை விற்கும் வேலை கேட்டு வந்தால் அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. வேலை பற்றிப் பேசும் 16ஆம் கூறு அரசின் கீழுள்ள பணிகளை மட்டுமே பேசுகிறது.

இந்த நாட்டில் உழைப்போரில் மிகப் பெரும்பான்மையோர் அரசுக்கு வெளியேதான் உழைக்கிறார்கள். அவர்களுள் ஒருவரை, அவர் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு நிறுவனம் ஒதுக்கித் தள்ளினால், அதை முறையிடுவதற்கென ஒரு பொதுச் சட்டமோ ஆணையமோ இல்லை. 1960இல் இந்தியா, வேலைவாய்ப்பிலும் தொழிலிலும் பாகுபாட்டை ஒழிப்பதற்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை ஏற்று ஒப்புதல் அளித்தது. மதமும் சமூகத் தோற்றமும் அதில் வெளிப்படையாகவே பெயர் சொல்லப்பட்டுள்ளன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒப்புதலுக்கு இணையான உள்நாட்டுச் சட்டம் பிறக்கவில்லை.

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுமொழி, ‘அதற்குத்தான் இட ஒதுக்கீடு இருக்கிறதே’ என்பது. இரண்டும் வேறு. ஒதுக்கீடு, குறிப்பிட்ட இடங்களுக்குள் சேர்ப்பதற்கான ஏற்பாடு. பாகுபாட்டுத் தடை, எந்த இடத்திலிருந்தும் தள்ளப்படாமல் இருப்பதற்கான உரிமை. முன்னதை எதிர்ப்போர் தகுதியின் பெயரால் எதிர்க்கிறார்கள். அப்படியானால் பின்னதற்கு அவர்களே முதல் ஆளாகக் கையொப்பமிட வேண்டும். தகுதியுள்ளவரைப் பெயருக்காகத் தள்ளாதே என்பதைவிடத் தகுதிக்கு நெருக்கமான கோரிக்கை வேறென்ன? ஆனால் அந்தக் கையொப்பம் வருவதில்லை. தகுதி பற்றிய அக்கறை ஒரு திசையில் மட்டும் பாய்வதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

தள்ளப்படுவது கற்பனை அன்று. பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில நாளேடுகளில் வந்த 548 தனியார்த் துறை வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் அனுபவமும் ஒத்தவை. மாறியது பெயர் மட்டுமே. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை ஒன்று என வைத்துக்கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. யாரும் யாரையும் இழிசொல் சொல்லவில்லை. ஓர் உறை பிரிக்கப்பட்டது, ஒரு தாள் ஓரமாக வைக்கப்பட்டது, அவ்வளவே. அதே ஆண்டு சுரிந்தர் ஜோட்காவும் கேத்ரின் நியூமனும் பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் எல்லாம் என்று சொன்ன அதே மேலாளர்கள், நேர்காணலில் ‘குடும்பப் பின்னணி’ கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். தந்தை என்ன செய்கிறார், எந்த ஊர், வீட்டில் யார் யார் படித்தவர்கள் என்று கேட்பதில் சாதி என்ற சொல் வருவதில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை.

சட்டங்கள் அறவே இல்லை என்று சொல்வது தவறு. சிதறிக் கிடக்கின்றன, சிதறிய விதம்தான் வினோதமானது. எச்ஐவி தொற்று உள்ளவருக்கு வேலை மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தனியாரையும் அது கட்டுப்படுத்தும். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. திருநர் உரிமைக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, எந்த நிறுவனமும் வேலையில் அவர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. ஆனால் தண்டனை பேசும் 18ஆம் பிரிவில் அந்த மீறலுக்கு இடமே இல்லை. தனியார் பள்ளிகளில் வேலை இழந்த ஒரு திருநங்கை ஆசிரியருக்கு இழப்பீடு கிடைக்க, அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2025 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. பட்டியல் சாதியினருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதில் குற்றம். ஆயினும் அது குற்றவியல் சட்டம். ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். தன் விண்ணப்பம் ஏன் தள்ளப்பட்டது என்றே அறியாத ஒருவர் எதை வைத்து மெய்ப்பிப்பார்? மதத்தின் பெயரால் தனியார் வேலை மறுக்கப்பட்டாலோ, முறையிட ஒரு பொது மத்தியச் சட்டம்கூட இல்லை. ஆய்வில் மிகக் குறைந்த எண் எந்தப் பெயருக்குக் கிடைத்தது என்பதை இங்கே மீண்டும் நினைத்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கான 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இவற்றுள் மூத்த சட்டங்களில் ஒன்று. தனியார் நிறுவனத்தையும் தயங்காமல் தொட்டது. மெக்கின்னன் மெக்கென்சி வழக்கில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்த நிறுவனம், தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் காட்டியது, கொடுக்கும் வசதியில்லை என்றும் சொன்னது. 1987இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. சட்டம் எழுத்தில் இருந்தால் தனியார் ஊழியரும் வெல்ல முடியும் என்பதற்கு அது சான்று. அதே 1987இல் செய்த திருத்தம் பணி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றையும் பாகுபாட்டுத் தடைக்குள் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பு அச்சட்டத்தை விழுங்கியபோது அச்சொற்கள் காணாமற்போயின. ‘வேலை நிபந்தனைகள்’ என்ற பொதுச் சொல்லே எஞ்சியது. பழைய சட்டத்தில், வேலைக்கு எடுக்கும்போது பாகுபாடு காட்டியவருக்கு முதல் குற்றத்திலேயே சிறைக்கும் வாய்ப்பு இருந்தது. இப்போது முதல் மீறலுக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய் அபராதம். அதற்கும் முன்பாக, திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் இத்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. சீர்திருத்தம் என்று இதற்குப் பெயர்.

2024இல் ஸ்ரீபெரும்புதூரின் கைபேசித் தொழிற்சாலை ஒன்றில் திருமணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படுவதில்லை என்று செய்தி வந்தபோது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அமைச்சகம் சுட்டியது அந்தப் பழைய சட்டத்தின் 5ஆம் பிரிவைத்தான். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொன்னது உண்மை என்பது ஒருபுறமிருக்க, சட்டத்தின் நிலை என்ன? ‘பெண்களைத்தான் ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம், மணமானவர்களை மட்டும் தவிர்க்கிறோம்’ என்று ஒரு நிறுவனம் வாதிட்டால் அது பாலினப் பாகுபாடா? அமெரிக்காவில் இக்கேள்வி 1971லேயே தீர்ந்துவிட்டது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் உள்ள ஆண்களை எடுத்து, அத்தகைய பெண்களை மட்டும் மறுத்த நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், ‘பெண்கள் பலரை எடுத்திருக்கிறோம்’ என்ற வாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. இந்தியாவிலோ பத்தாண்டு கழித்து, 1981இன் நர்கேஷ் மீர்சா வழக்கில், பாலினம் ‘மட்டுமே’ காரணமாக இருந்தால்தான் பாகுபாடு, வேறு காரணங்களும் சேர்ந்திருந்தால் அன்று என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் கருத்தரிப்போடு விமானப் பணிப்பெண்ணை வேலையிலிருந்து நீக்கும் விதியை அது கடுமையாகச் சாடி அகற்றியது உண்மை. பணியில் சேர்ந்து நான்காண்டுகள் திருமணம் கூடாது என்ற விதியை ஏற்றுக்கொண்டதும் உண்மை.

அமெரிக்கச் சட்டத்தை இங்கே எடுத்துக்காட்டுவது, அந்நாடு முன்மாதிரி என்பதற்காக அன்று. அங்கே சட்டம் வந்த கதையே முதலாளிகளின் சாமர்த்தியத்தின் கதை. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு நடைமுறைக்கு வந்தது 1965 ஜூலை 2. வட கரோலினாவில் ஒரு மின் நிறுவனம் அதுவரை கறுப்பினத் தொழிலாளர்களை மிகக் குறைந்த கூலிப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தது. அந்த ஜூலை 2 அன்றே, மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும் என்று விதித்தது. தேர்வுக்கும் அந்த வேலைக்கும் தொடர்பில்லை. நோக்கம் எதுவாயினும், வேலைக்குத் தேவையற்ற ஒரு நிபந்தனை ஒரு சமூகத்தை வெளியே நிறுத்துமானால் அது சட்டவிரோதம் என்று 1971இல் கிரிக்ஸ் வழக்கின் தீர்ப்பு சொன்னது. 1973இல் இன்னொரு தீர்ப்பு அடுத்த படியைக் கட்டியது. தகுதியோடு விண்ணப்பித்தேன், மறுக்கப்பட்டேன், இடம் காலியாகவே இருந்தது என்று தொழிலாளி காட்டினால் போதும். ஏன் மறுத்தேன் என்று காரணம் சொல்லும் கடமை நிறுவனத்துக்கு வந்துவிடும். இறுதியாக மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியிடமே இருந்தாலும், வாய் திறக்காமல் இருக்கும் வசதி முதலாளிக்கு இல்லை.

இது அந்நியச் சரக்கு, இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது என்போர் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக அச்சட்டத்தின் கீழான குற்றம் நிகழ்ந்தால், அது தீண்டாமையின் பேரிலேயே நிகழ்ந்தது என நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், மாறாக மெய்ப்பிக்கப்பட்டால் ஒழிய, என்கிறது 12ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில் தொழிலும் வேலையும் குறிப்பிடப்பட்டுள்ளன. அமெரிக்கத் தீர்ப்புக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னதாகவே, அதைவிட ஒரு படி மேலான ஏற்பாடு இந்தியச் சட்டப் புத்தகத்தில் இருந்திருக்கிறது. அதைத் தீண்டாமைக் குற்றம் என்ற குறுகிய அறையில் பூட்டிவைத்துவிட்டு, சாவி தொலைந்ததாகச் சொல்வது நேர்மையன்று.

அமெரிக்காவில் இன்று காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. நோக்கத்தைப் பாராமல் விளைவைப் பார்க்கும் கிரிக்ஸ் கோட்பாட்டை அமல்படுத்துவதற்கு முன்னுரிமை தர வேண்டாம் என்று 2025 ஏப்ரலில் அதிபர் ஆணையிட்டார். ஆனால் அக்கோட்பாடு 1991லேயே சட்ட வாசகமாக எழுதப்பட்டுவிட்டது. அரசு அமைப்புகள் கைகட்டி நின்றாலும், பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடரும் வழி மூடப்படவில்லை. சுற்றறிக்கையையும் நல்லெண்ணத்தையும் நம்பாமல் சட்டமே கேட்க வேண்டியதன் காரணம் இதுதான். இந்தியாவில் பெருநிறுவனங்கள் தாமே வெளியிடும் பன்முகத்தன்மைக் கொள்கைகள் எத்தனை பக்கம் நீண்டாலும், அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு எவரும் நீதிமன்றப் படி ஏற முடியாது.

சிறு கடைக்காரர் பாவம், வழக்குகளில் சிக்குவார் என்ற கவலையும் எழுப்பப்படுகிறது. அமெரிக்கச் சட்டமே 15 ஊழியர்களுக்குக் குறைந்த நிறுவனங்களைத் தொடுவதில்லை. அத்தகைய வரம்பு வைப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அந்தக் கவலையைச் சுமந்து வருவோர் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள் இல்லை என்பதே வேடிக்கை.

வரைவுகளுக்கும் பஞ்சமில்லை. 2006இல் சச்சார் குழு சம வாய்ப்பு ஆணையம் கேட்டது. 2008இல் மாதவ மேனன் தலைமையிலான வல்லுநர் குழு அதன் அமைப்பையே வகுத்துத் தந்தது. 2016இன் பாகுபாட்டுத் தடை மற்றும் சமத்துவ மசோதா, சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவாக இருந்து காலாவதியானது. மத்திய அரசு அசையாவிட்டாலும், தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலங்கள் முன்வரலாம். தனியார் வேலையில் கைவைக்கவே மாநிலங்கள் அஞ்சும் என்பதும் உண்மையில்லை. உள்ளூர்க்காரருக்கு 75 விழுக்காடு என்று 2019இல் ஆந்திரமும் 2020இல் அரியானாவும் சட்டம் இயற்றின. அரியானாவின் சட்டத்தை 2023இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை அத்தகைய மசோதாவுக்கு ஒப்புதல் தந்து, சில நாள்களிலேயே கிடப்பில் போட்டது. எந்த மாநிலத்தவர் என்று கேட்டு வேலை கொடு என்று கட்டளையிடத் துணிந்த அரசுகளுக்கு, எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்டு வேலை மறுக்காதே என்று சொல்ல நா எழவில்லை.

தொடக்கத்துக்குப் பெரிய ஆணையமும் வேண்டாம். வந்த விண்ணப்பங்களையும் தேர்வுக் குறிப்புகளையும் ஓராண்டு காலம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற ஒற்றை விதி அமெரிக்க நிறுவனங்களுக்கு இருக்கிறது. இங்கே தோரட்டின் ஆய்வுக்காக அனுப்பப்பட்ட 4,808 தாள்களில் ஒன்றைக்கூட எந்த நிறுவனமும் வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கவில்லை.