சாரத்தை எப்போது பிரிக்கலாம்?

வீடு கட்டும்போது சவுக்குக் கட்டையால் சாரம் கட்டுவார்கள். பூச்சு முடிந்து, பெயிண்ட் காய்ந்த பிறகுதான் பிரிப்பார்கள். பெயிண்டர் மேலே நிற்கும்போதே கயிற்றை அவிழ்க்கிற மேஸ்திரியை நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் மட்டும் தாராளமாக அவிழ்க்கிறார்கள்.

ஃப்ரீ பிஎஸ்டி என்று ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸின் வாரிசு. 1993 நவம்பரில் முதல் வெளியீடு. இலவசம். இதைப் புதுப்பிக்க ரெடிமேட் வழியும் உண்டு. சோர்ஸிலிருந்து நீங்களே கம்பைல் செய்துகொள்ளும் வழியும் உண்டு. இரண்டாவதில் முதல் கமாண்டின் பெயர் 'பில்ட் வேர்ல்ட்'. உலகத்தையே கட்டுகிறார்களாம். என்ன அடக்கம்!

கட்டும்போது பிறக்கும் இடைக்கால ஃபைல்கள் எல்லாம் 'யுஎஸ்ஆர் ஓபிஜே' என்கிற டைரக்டரியில் குவியும். புது சிஸ்டம் இன்ஸ்டால் ஆவதும் அங்கிருந்துதான். ஆகவே அதுவரை கை வைக்கக் கூடாது. முடிந்த பின் அது வெறும் சாரம். பிரிக்காமல் அடுத்த தடவையும் அதன்மேலேயே கட்டினால், சில சமயம் பழசும் புதுசும் கலந்து கம்பைல் பாதியில் நின்றுவிடும். காரணம் தேடியே ராத்திரி போய்விடும்.

சரி, அழிக்கலாம் என்று 'ஆர்எம்' கொடுத்தால் சில ஃபைல்கள் அசையாது. 'அனுமதியில்லை!' நான்தானய்யா ரூட், இந்த மெஷினுக்கே முதலாளி என்றாலும்... ம்ஹூம். அவற்றுக்கு 'தொடாதே' என்று ஒரு கொடி போட்டிருக்கும். 'சிஹெச் ஃப்ளாக்ஸ்' கமாண்டால் கொடியை இறக்கிவிட்டு அப்புறம் அழிக்க வேண்டும். செக்யூரிட்டி லெவலை உயர்த்தி வைத்த மெஷினில் ரூட்டால் அதுவும் முடியாது. முதலாளியை முதலாளியிடமிருந்தே காப்பாற்றும் ஏற்பாடு.

அடுத்தது, பழைய சிஸ்டத்தின் மிச்சங்கள். 'டெலிட் ஓல்ட்' என்றால் காலாவதியான ஃபைல்களை ஒவ்வொன்றாகக் காட்டி 'அழிக்கட்டுமா?' என்று கேட்கும். ஒய் தட்டித் தட்டி விரல் வலிக்கும். இதற்கென்றே யூனிக்ஸில் 'எஸ்' என்று ஒரு கமாண்ட் உண்டு. நிறுத்தும்வரை 'ஒய், ஒய்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், வேறு வேலை தெரியாது. உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பாரே!

ஆனால், 'டெலிட் ஓல்ட் லிப்ஸ்' வரும்போது ஜாக்கிரதை. இது பழைய லைப்ரரிகளை அழிப்பது. நீங்கள் தனியாகப் போட்ட டேட்டாபேஸ், வெப் சர்வர் எல்லாம் அந்தப் பழைய லைப்ரரியை நம்பிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கலாம். அவற்றைப் புது சிஸ்டத்துக்கு ஏற்ப மறுபடி இன்ஸ்டால் செய்யுமுன் அழித்தால், அப்புறம் எழுந்திருக்காது. அது சம்பள பில் போடுகிற மெஷினாக இருந்து, மாதக் கடைசியாகவும் இருந்துவிட்டால்? யோசித்துப் பாருங்கள்.

விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. விண்டோஸ் 11-க்கு மாறினால் வழக்கமாக 10 நாள் வைத்திருந்து தானே அழித்துவிடும். அதற்குள் பழசுக்குத் திரும்பலாம். டிஸ்க்கில் இடமில்லையே என்று மறுநாளே காலி செய்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் பேக்கப். அப்புறம் இன்ஸ்டால், ரீபூட். புரோகிராம்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, நாலு நாள் நிஜ வேலை வாங்கி, கடைசியில் குப்பை அள்ளுங்கள். லைப்ரரிகளை அழிக்கும் அன்று மட்டும் அந்த 'எஸ்' ஆசாமிக்கு லீவு கொடுத்துவிடுங்கள்.