அடைப்பு அல்ல, சுழற்சி

"எழுத வரலை, பிளாக் ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. மூன்று வருடம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

கம்பெனிகளின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. மூளையும் நெட்வொர்க்தான், இன்னும் நிறையப் படி, நிறையப் படம் பார், உள்ளே போனால் வெளியே வரும் என்று எனக்கும் நண்பர்கள் சொன்னார்கள். ஆபீஸில் நெட் மெதுவானால் மேனேஜர் சொல்வதும் இதுதான்: "பெரிய லைனா வாங்கிடலாம் சார்."

குறை பெரும்பாலும் லைனில் இருக்காது. ஒரு கம்பெனியில் ஒருநாள் காலை எல்லாம் நின்றுபோனது. பில் போட முடியவில்லை, மெயில் இல்லை, போன் இல்லை. எங்கேயும் கேபிள் அறுந்திருக்கவில்லை. சும்மா தொங்கிய ஒரு வயரின் இரண்டு முனைகளையும் யாரோ ஒரே சுவிட்சில் செருகியிருந்தார்கள். எல்லோருக்குமான ஒரு சின்னச் செய்தி அதற்குள் சுற்றிச் சுற்றித் தன்னையே நகலெடுத்துப் பெருகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் முடக்கம். உள்ளே மூச்சுவிட இடமில்லாத போக்குவரத்து. வயரைப் பிடுங்கினேன், சரியாகிவிட்டது.

என் மூன்று வருட மௌனமும் இதுதான். ஒரு வரி எழுதுவேன். உடனே, இதை அவர் படித்தால் என்ன நினைப்பார்? இவனுக்கு மட்டும் எப்படி மூன்றாம் பதிப்பு வருகிறது? மண்டை காலியாக இல்லை. என் சத்தத்தாலேயே நிரம்பிக் கிடந்தது.

இந்தச் சுழற்சிக்கு 1985இல் வழி கண்டவர் ராடியா பெர்ல்மன். அவருடைய முறையில் சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, சுழற்சி உண்டாக்கும் வழிகளைத் தாங்களே மூடிவைக்கும். அந்த நிலைக்குப் பெயரே 'பிளாக்கிங்'. நாம் நோய் என்று புலம்புகிற சொல், அங்கே மருந்து!

1986இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், 400 கெஜ இடைவெளியில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே நெரிசல் முற்றி, நொடிக்கு 32,000 பிட் போன இணைப்பில் 40 பிட்தான் போனது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் முன்வைத்த தீர்வு தடித்த வயர் அல்ல. அனுப்புகிறவன் அடக்கமாக ஆரம்பிக்கட்டும், போய்ச் சேர்ந்ததாகப் பதில் வரவர அளவைக் கூட்டட்டும் என்பதுதான்.

மூளை சுவிட்ச் இல்லை என்பது எனக்கும் தெரியும். துக்கத்திலும் மனச்சோர்விலும் எழுத முடியாதவர்களிடம் இந்த உவமையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டேன். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நெட்வொர்க்கில் வழியில் தொலைந்ததைத் திரும்ப அனுப்பச் சொல்லலாம். அப்பத்தாவின் கதையை எழுதப்போகிறேன் என்று நான் சொல்லித் திரிந்த அந்த மூன்று வருடத்தில் அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளிடம் கேட்காமல் விட்டதை இனி யார் அனுப்புவார்கள்?

இப்போது தினம் ஒரு பத்தி எழுதுகிறேன். யாருக்கும் காட்டுவதில்லை. பிளாக் என்று அடுத்தமுறை சொல்வதற்குமுன், எந்த வயரைப் பிடுங்க மனசில்லாமல் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.