திரையில் வருகிற பாட்டி யாருடைய பாட்டி?

ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, இனி சேரிப் பிள்ளைகளும் இங்கிலீஷில் வெளுத்துக்கட்டும் என்கிறார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிற எனக்கு இந்தப் பேச்சு அலுத்துவிட்டது. 2011இல் இலவச மடிக்கணினித் திட்டம், 2019இல் கல்வித் தொலைக்காட்சி, இப்போது திரை. வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கிடைப்பது நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளியிலாவது கிடைக்கட்டும். கிடைத்ததை வைத்து என்ன செய்கிறோம்? படம் ஓடுது, பிள்ளைங்க பார்க்குது, கடைசியில் கோடிட்ட இடத்தை நிரப்புது. இதுக்குப் பேரு எழுத்துப் பயிற்சியாம்! கோட்டை எவனோ போட்டுவிட்டான், அதுக்குள்ளே அடங்குகிற வார்த்தைதான் உனக்கு. நமக்குத் தெரியாத ஏற்பாடா இது?

(தாய்மொழி போதாதா என்று கேட்கிற தோழர்களே, உங்க பிள்ளைங்க எங்கே படிக்குதுன்னு நான் கேட்கப் போறதில்லை.)

'மை கிராண்ட்மதர்' என்று ஒரு பாடம். திரையில் ஒரு பாட்டி ஊஞ்சலில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கதைப்புத்தகம் வாசிக்கிறாள். பார்த்து எழுதச் சொன்னால் நாற்பது பிள்ளைக்கும் ஒரே பாட்டி. எங்க தெருவில் ஊஞ்சல் ஏது? திரையை அணைத்துவிட்டு, "வீட்டு செல்போன்ல உங்க பாட்டி பேசறதப் பதிவு பண்ணிட்டு வாங்க, அதைக் கேட்டு எழுதுங்க" என்றேன்.

ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'மை கிராண்ட்மதர் நாட் சிட் டீ ஷாப் பெஞ்ச்.'

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் அதைத் திருத்தினார்: 'மை கிராண்ட்மதர் டஸ் நாட் லைக் டு சிட் ஆன் தி டீ ஷாப் பெஞ்ச்.' இலக்கணம் சுத்தம். பாட்டிக்கு உட்காரப் பிடிக்காதாம்! ஒரே ஒரு 'லைக்' போட்டதும் தீண்டாமை கிழவியின் விருப்பமாகிவிட்டது. 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல்காரர்கள் உரையில் சில இடங்களை மாற்றச் சொன்னபோது, ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றச் சம்மதிக்காமல் தானே அச்சிட்டு வெளியிட்டார் பாபாசாகேப். அவர் எழுதியதும் இங்கிலீஷில்தான். அந்த இங்கிலீஷ்தான் நமக்கு வேணும். திருத்தியவரின் இங்கிலீஷ் எதற்கு?

மறுநாள் செயப்பாட்டுவினை நடத்தினேன். 'வாஸ் நாட் அலவ்ட் டு சிட்.' 'பை' போட்டுச் செய்தவரைச் சொல்வது கட்டாயமில்லை, விட்டுவிடலாம் என்று வழக்கம்போலச் சொல்லிவைத்தேன். பதினைந்து வருஷமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன். அந்தப் பெண் எழுந்தாள்.

"விட்டுட்டா, யாரு உக்கார விடலைன்னு எப்படி சார் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. பதிவை ஸ்மார்ட் போர்டிலேயே இணைத்து ஓடவிட்டோம். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டோம். ஒரு வாக்கியத்துக்கு முக்கால் மணி நேரம். வாங்கிய நாளிலிருந்து அந்தக் கருவி செய்த உருப்படியான வேலை அதுதான். ஓரிடத்தில் பாட்டி குரலைத் தாழ்த்திக் கடைக்காரர் பெயரைச் சொல்லியிருந்தது. 'பை'க்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினாள் பேத்தி.

ஆண்டுவிழாக் கண்காட்சியில் அந்தத் தாளை வைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. வாய்மொழி உத்தரவுதான். எழுத்தில் கேட்டிருக்கிறேன்.