இலாபமில்லை என்பதால் வணிகமில்லையா?

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற்றவர், அதாவது கூலிக்கு விமானம் ஓட்டும் உரிமை இல்லாதவர், உடன் வருவோரிடம் பயணச் செலவில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அப்பயணத்தை ஊரறிய விளம்பரப்படுத்தி ஆள் சேர்க்கலாகாது என்பது அந்நாட்டுக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகத்தின் நிலைப்பாடு. இலாபமில்லாத இடத்தில் வணிகமும் இல்லை, ஆகவே இத்தடை பொருளற்றது என்று சிறுவிமான ஆர்வலர் பலர் வாதிடுகின்றனர்.

இவ்வாதம் விதியைத் தலைகீழாகப் படிக்கிறது. விதி 61.113 பணம் பெற்றுப் பயணிகளை ஏற்றுவதைப் பொதுவாகத் தடுத்துவிட்டு, எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை ஆகியவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ள விலக்களிக்கிறது. நால்வர் செல்லும் பயணத்திற்கு 400 டாலர் ஆனால் விமானி 100 டாலருக்குக் குறையாமல் தாமே ஏற்க வேண்டும். பயணி தரும் பங்கும் கைம்மாறே என்பதால்தான் விலக்கே தேவைப்பட்டது. மேலும், விமானிக்கும் அவ்விடத்திற்குச் செல்லத் தமக்கென ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. கைம்மாறு பெற்று, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு, ஆட்களையோ சரக்கையோ ஏற்றிச்செல்ல ஆயத்தம் என்று பொதுமக்களுக்கு அறிவிப்பவர் பொதுப் போக்குவரத்தாளர் ஆகிறார். இவ்வரையறையில் இலாபத்திற்கு இடமே இல்லை.

காரில் இடம் பகிர்வதோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. தனியார் உரிமத்திற்குக் குறைந்தது 40 மணிநேரப் பறத்தல் போதும், வணிக உரிமத்திற்குப் பொதுவாக 250 மணிநேரம் வேண்டும். இவ்வேறுபாட்டை விமானியின் நண்பர் அறிந்திருக்கக்கூடும், விளம்பரம் பார்த்து வருபவர் அறிய வழியில்லை.

இத்தடை பேச்சுரிமையைப் பறிக்கிறது என்ற வாதத்தை, பயணப் பகிர்வு இணையதளமான ஃப்ளைட்நவ் தொடுத்த வழக்கில் கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் நிராகரித்தது. விளம்பரம் இங்கே தண்டிக்கப்படவில்லை. அப்பயணம் எத்தகையது என்பதற்குச் சான்றாகவே கொள்ளப்படுகிறது.

ஐரோப்பா விளம்பரத்தை அனுமதிக்கிறதே என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஆயினும் அங்கும் விமானி உட்பட ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது, நேரடிச் செலவை மட்டுமே பகிரலாம், அதில் விமானியின் பங்கும் இருந்தாக வேண்டும். எல்லையை வேறிடத்தில் வரையலாம் என்பதற்கு ஐரோப்பா சான்றாகுமே தவிர, அமெரிக்க எல்லை காரணமற்றது என்பதற்கு ஆகாது. உண்மையான குறை வேறு: அறிமுகமானோர் வட்டம் எந்த அளவைத் தாண்டினால் பொதுமக்கள் ஆகிறது என்பதை நிர்வாகம் எண்ணிக்கையால் வரையறுக்கவில்லை, ஆர்வலர் தம் வாதத்திறனை அங்கே செலுத்தினால் பயன் இருக்கலாம்.